அப்பாவின் கத்திக்கு ஒரு கல், ஒரு வார், கடுகளவு பசை

இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, சொட்டு மருந்துக் காலமெல்லாம் முடிந்த பிறகு, அப்பா ஒரு நாள் காலையில் தன் சவரக் கத்தியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தியின் வாய் நெடுக வெள்ளை நூல் மாதிரி ஒரு மினுக்கம். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, மழுங்கினதுதான் மின்னும்.

"அம்மிணி, இதுல வாயே இல்லியே. இதை வெச்சா நாலு வருசமா சவரம் பண்ணிட்டு இருந்தேன்?"

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "அதானுங், மூஞ்சி பூராவும் செதுக்குன பனங்கா மாட்ட இருந்துச்சு."

அப்பா சென்னிமலையில் 46 வருடம் சலூன் வைத்திருந்தவர். இப்போது கடை தம்பி கையில். தம்பியின் கடையில் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு பாதி, முடிந்ததும் டப்பாவில் போட்டுவிடுவான். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் எல்லாக் கடையும் அப்படி மாறியது, அது சரியான மாற்றமும்கூட. அதனால் தீட்டுகிற கத்தியெல்லாம் கடையை விட்டு வீட்டுப் பெட்டிக்கு வந்துவிட்டது. பெட்டியில் மூன்று கத்தி. ஒன்று அப்பாவுக்கு, மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வரும் இரண்டு சேக்காளிகளுக்கு. ஒருவர் கத்தி இன்னொருவர் கன்னத்தில் படக் கூடாது என்பதற்காக பிடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல் சுற்றி வைத்திருப்பார். சிவப்பு நூல் கத்தி சோலிங்கன். அது ஜெர்மனியில் ஒரு ஊர்ப் பெயர்; அந்த ஊரில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஜமக்காளத்துக்கும் மஞ்சளுக்கும் இப்போது வாங்குகிற புவிசார் குறியீட்டுக்கு அது பெரியப்பா முறை.

இவ்வளவு பெருமை இருந்து என்ன, கல் நடுவில் குழி விழுந்து தோணி மாதிரி ஆகிவிட்டது. கல்லில் தீட்டின பிறகு வாயை நயமாக்க இழுக்கும் தோல்பட்டை, அதாவது வார், வெடித்துப் போயிற்று. அந்த வார் ஏதோ ஒரு மில்லில் கழித்துப் போட்ட தோல் பெல்ட்டை அறுத்துச் செய்தது, எனக்கு மூத்தது. ஆகவே கல், வார், வாயை மெருகேற்றும் நுண்துகள் கலந்த பசை மூன்றையும் வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு டூல்ரூமில், அதாவது டை என்கிற உலோக அச்சு செய்யும் பட்டறையில், கணக்கு எழுதுகிறவள். கத்தி பிடித்ததில்லை, பில் பிடித்துத்தான் பழக்கம். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். தீட்டுகிற விஷயத்தில் தீர்ப்பு அப்பாவுடையது, காசு விஷயத்தில் என்னுடையது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 'முழு செட்' என்று 1,499 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. வார் ஒன்று, பச்சைப் பசை ஒரு கட்டி, ஒரு பக்கம் 3000, மறு பக்கம் 10000 என்று அச்சடித்த கல் ஒன்று (எண் ஏற ஏறக் கல் நயம்). நட்சத்திரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பொங்கல் நோம்பிக்குக் கொடுக்கலாம் என்று பத்து நாள் பீரோவில் வைத்திருந்தேன். அங்கேதான் தப்பு, திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்.

அப்பா வாரை வாங்கி ஒரு மடி மடித்தார். மேல்பூச்சு பொரிப்பொரியாக வெடித்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார். "இது தோலா, சோபா கவரா?" ஓரத்தில் ஒரு நூலளவு அறுத்துத் தீக்குச்சி வைத்தார். தோல் கருகினால் முடி கருகுகிற நாற்றம் வரும், இதில் பிளாஸ்டிக் வாடை. பசைக்கட்டி சுண்ணாம்புக் கட்டிபோல உதிர்ந்தது. கல்லை ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒட்டு விட்டுத் தனித்தனியாகக் கிடந்தன. "பரவால்ல, ரெண்டு கல்லாச்சு" என்றான் தம்பி. அதற்கு மேல் கொடுமை, அந்த 10000 பக்கம். நான்கு இழுப்பு இழுத்துவிட்டு அப்பா சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் போடுது."

சத்தத்தை வைத்து அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு உதவியது, எதிர்வீட்டு மாமாவின் பிக் கிளாஸ். சென்னிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கு பெட்ஷீட் வியாபாரிகள் சட்டைப் பையில் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ். அதைக் கத்தி வாய்மேல் வைத்துப் பார்த்தேன். 10000 கல்லில் தீட்டின வாயில் உழவு சால் மாதிரி கோடுகள். அந்த எண்ணிக்கையில் கோடே கண்ணுக்குத் தெரியக் கூடாது, பாதரசம் பூசினதுபோல இருக்க வேண்டும். கல் வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் 200, 300 ரூபாய்க்கு இப்படி ஒரு லென்ஸ் வாங்கிவிடுங்கள். மற்ற செலவில் ஏமாறாமல் இருக்க இந்த ஒரு செலவு போதும்.

அடுத்து நம்பர் விவகாரம். இதில்தான் ஏமாற்றும் குழப்பமும் அதிகம். கல்லில் போட்டிருக்கும் 1000, 6000 எல்லாம் துகளின் அளவைக் குறிக்கும் எண்கள்; எண் ஏற ஏறத் துகள் சிறிது. ஆனால் ஜப்பான் கல்லின் கணக்கு வேறு, கார் பெயிண்டர்கள் வாங்கும் வாட்டர் எமரி என்கிற உப்புத்தாளில் 'பி' போட்டு வரும் கணக்கு வேறு. ஜப்பான் 1000 என்றால் துகள் சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பி1000 எமரியில் அது 18 மைக்ரானுக்கு மேல். பி2000 எமரிதான் 10 மைக்ரான் பக்கம் வரும். அதாவது ஹார்டுவேர் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பி2000 தாள், ஜப்பான் 1000 கல்லுக்குச் சமமான வேலையைச் செய்யும். டூல்ரூம் பாலிஷிங் அண்ணன் இதைக் கேட்டதும், "அதானுங்க்கா, நாங்க மைக்ரான்ல மட்டும்தான் பேசுவோம், நம்பர்ல பேசுனா சண்டை வரும்" என்றார். எதை வாங்கினாலும் மைக்ரான் எத்தனை என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

சவரக் கத்திக்கு நல்ல சௌகரியம் ஒன்று உண்டு. சமையல் கத்திபோல இத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்ற கவலை இல்லை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்தால் போதும், முதுகின் தடிமனே சாய்வைத் தீர்மானித்துவிடும். அதனால் கல் மட்டமாக இருப்பதுதான் உயிர்நாடி. குழி விழுந்த கல்லில் என்ன தீட்டினாலும் வாய் வளைந்துதான் போகும். பழைய கல்லை மட்டம் பண்ண நாங்கள் செய்தது: கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடந்த 8 மில்லி கண்ணாடித் துண்டு ஒன்றை ஓரம் தேய்த்துத் தரச் சொல்லி 60 ரூபாய்க்கு வாங்கினோம். அதன்மேல் சொரசொரப்பான எமரியை நனைத்து ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டமெல்லாம் அழியும்வரை தேய்த்தோம். ஓரக் கோடெல்லாம் போன பிறகும் நடுவில் இருந்த கோடு போக மாட்டேன் என்றது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பொடக்காலி பூராவும் சாம்பல் கரைசல்.

ஆனால் அந்தக் கண்ணாடித் துண்டு மட்டம் பண்ணுவதற்கு மட்டும் அல்ல, அதுவே பாதிக் கல். பி2000 எமரியை அதன்மேல் போட்டு வாய்ச்சரிவை நேராக்கலாம். அதற்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் துகள் ஒட்டிய 'லாப்பிங் ஃபிலிம்' இருக்கிறது. கண்ணாடி இழைக் கேபிளின் முனையை மெருகேற்ற உதவும் தாள் இது. 3எம் கம்பெனி தாளில் 3 மைக்ரான் ஒன்று, 1 மைக்ரான் ஒன்று வரவழைத்தேன். இரண்டும் சேர்த்து 450 ரூபாய். பசை எதுவும் வேண்டாம், கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரான் தாள், ஜப்பான் 8000 கல்லைவிடக் கொஞ்சம் நயமாகவே வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் கல்லின் துகள் 1.2 மைக்ரான். அந்த ரகக் கல் ஒன்றின் விலைக்கு எனக்கு ஒரு மாத பஸ் செலவும் மளிகையில் பாதியும் ஆகிவிடும். ஒரே ஒரு கத்தி வைத்திருக்கிறவர்கள், தாத்தா கத்தி பெட்டியில் கிடக்கிறது, தீட்டிப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள், எமரியும் ஃபிலிமும் கண்ணாடித் துண்டும் வாங்கினால் போதும். 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கல் பக்கமே போக வேண்டாம்.

ஒரே எச்சரிக்கை, அழுத்தக் கூடாது. கத்தியின் கனம் மட்டும்தான் தாள்மேல் இருக்க வேண்டும். தம்பி முதல் நாள் அழுத்தி இழுத்ததில் ஃபிலிம் இரண்டாகக் கிழிந்தது, 225 ரூபாய் காலி.

அப்பாவுக்கு இந்தத் தாள் பிடிக்கவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், ஆனால், "கல்லு கைக்குச் சொல்லும் அம்மிணி, எங்க மேடு, எங்க பள்ளம், போதுமா போதாதான்னு. இந்தத் தாளு ஊமை" என்றார். ஆகவே ஒரு கல்லும் வாங்கினேன். ஜப்பானின் 'கிங்' கம்பெனி 1000/6000, இரண்டு பக்கக் கல், எனக்கு 3,100 ரூபாய் ஆனது. மொத்தச் செலவில் பெரியது இதுதான், வருத்தம் இல்லாததும் இதுதான். 1000 பக்கம் பால்பவுடர் மாதிரி வழவழவென்று கரைசல் விடும். 6000 பக்கத்தில் கத்தி போகும்போது சத்தம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் பட்டுச் சேலை மடிக்கிற சத்தமாகிவிடும். 6000 பக்கம் மென்மையான ரகம், சீக்கிரம் குழி விழும், மாதம் ஒரு தடவை கண்ணாடிமேல் தேய்த்து மட்டம் பண்ண வேண்டும். சவரத்துக்கு 6000 மட்டும் போதாது, கன்னம் லேசாக எரியும். அதன்பிறகு 1 மைக்ரான் ஃபிலிமில் இருபது இழுப்பு இழுத்தால் அந்த எரிச்சல் போய்விடுகிறது. மூன்று கத்திக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, கல்லும் தாளும் கலந்த இந்த ஏற்பாடுதான் என் சிபாரிசு.

கல்லைப் பற்றி அப்பா ஒன்று சொன்னார். அவருடைய அப்பாரு காலத்தில் சாணைக்கல்லே வாங்குகிற வழக்கம் கிடையாதாம். குருந்தக்கல்லை இடித்துப் பொடியாக்கி அரக்கில் பிசைந்து செய்வார்களாம். காங்கேயம், கரூர் பக்கம் ரத்தினக்கல் பட்டை தீட்டுகிறவர்கள் வழக்கம் அது. எனக்கு உடனே பொறி தட்டியது. ஆங்கிலத்தில் 'கோரண்டம்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். வேதியியல் பெயர் அலுமினியம் ஆக்ஸைடு. ஜப்பான் கற்கள் பெரும்பாலும் அதே சரக்கைச் செயற்கையாகச் செய்து அழுத்தியவை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. தோண்டிப் பார்த்ததில் இரும்பு உருக்கின உலையும் கல்மணி செய்த பட்டறையும் கிடைத்த இடம். இரண்டாயிரம் வருடம் முன்னால் அங்கே இரும்பும் இருந்தது, கல்லைத் தேய்த்து மெருகேற்றும் கையும் இருந்தது. நான் இன்றைக்கு 3,100 ரூபாய் கொடுத்து ஜப்பானிலிருந்து குருந்தம் வாங்குகிறேன். சரி, இருக்கட்டும்.

வாருக்கு வருகிறேன். சலூனுக்குச் செவ்வாய் லீவு என்பதால் அப்பாவும் தம்பியும் ஒரு செவ்வாய்க்கிழமை ஈரோட்டுக்கு பஸ் ஏறினார்கள். செருப்புக்கு அடித்தோல் விற்கிற கடை ஒன்று அப்பாவுக்குப் பழக்கம். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் பட்டை பதனீடு பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் ஏற்றினார்கள், அந்த ரகத்துக்கு இன்றைக்கும் ஈஸ்ட் இந்தியா தோல் என்றுதான் பேர். சவர வாருக்கு வேண்டியது இப்படிப் பட்டை போட்ட தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், பைக்கும் ஷூவுக்கும் நல்லது. வாராகக் கட்டி இழுத்தால் ரப்பர் மாதிரி கொடுத்துப் போகும், கத்தி வாய் உருண்டுவிடும்.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தம்பி போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அப்பா தோலின் வெட்டு ஓரத்தைத் திருப்பிக் காட்டுகிறார். நடுவில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். மேலிருந்து கீழ்வரை ஒரே வெல்ல நிறமாக இருந்தால் பட்டை. அப்புறம் நாக்கில் விரலைத் தொட்டு ஒரு பொட்டு எச்சில் வைக்கிறார். பட்டைத்தோல் உடனே குடித்துக் கறுக்கும். குரோம் தோலில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்ணா, எச்சி வெச்ச பீஸை நீங்கதான் எடுத்துக்கோணும்" என்றாராம். அதையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று மில்லி தடிமன், இரண்டரை அங்குல அகலம், ஒன்றே முக்கால் அடி நீளம், 350 ரூபாய். அகலத்தில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் கத்தியைக் கோணலாக இழுக்க வேண்டிவரும்.

வாருக்குப் பின்பக்கம் துணி வேண்டும். துணியில் முதலில், தோலில் பிறகு என்பது முறை. கனி மார்க்கெட்டில் செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை நாள், அதனால் அதே நடையில் கெட்டியான பருத்தி கேன்வாஸ் கால் மீட்டர் எடுத்துவந்தார்கள். மூலையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற அண்ணன் ஒருவர் மேலும் கீழும் வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். துணி, வளையம், கூலி எல்லாம் 160. ஆக 510 ரூபாயில் வார். இதே அளவில் வெளிநாட்டு வார் ஒன்று ஆன்லைனில் 6,000 ரூபாய்க்குப் பார்த்தேன். அதில் தோல் இன்னும் நயமாக இருக்கலாம். எங்கள் வாரை மேசையில் விரித்து, கண்ணாடி பாட்டிலை உருளைபோல் அழுத்தி உருட்டி, உள்ளங்கையால் ஒரு வாரம் தேய்த்த பிறகு அந்த 5,490 ரூபாய் வித்தியாசம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் அம்மா ஒரு காரியம் செய்தார். தோல் வறண்டு கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, பேத்திக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி தேங்காய் எண்ணெயை ஒரு கை ஊற்றித் தேய்த்துவிட்டார். வார் கறுத்துத் தொங்கியது. கத்தி இழுத்தால் பிடிப்பே இல்லாமல் நழுவியது. அப்பா நாள் பூராவும் யாரோடும் பேசவில்லை. பழைய செய்தித்தாளைச் சுற்றிச் சுற்றி வைத்து மூன்று நாளில் எண்ணெயை இழுத்தோம். வாருக்கு எண்ணெய் வேண்டாம். உள்ளங்கைச் சூடும் அதிலிருக்கிற பிசுக்குமே போதும்.

செய்தித்தாள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் ஒரு தினத்தாள் பக்கத்தை மடித்து வைத்து அதில் கத்தியை இழுத்தாலும் வாய் கொஞ்சம் நயமாகும். அச்சு மையில் இருக்கும் கரித்தூள் செய்கிற வேலை. இது இலவசம். அப்பா கடை வைத்த புதிதில் வார் வாங்கக் காசு சேரும்வரை தினத்தாளில்தான் ஓட்டியதாகச் சொல்கிறார்.

கடைசியாகப் பசை. நான் ஏதோ பெரிய மர்மம் என்று நினைத்திருந்தேன். எங்கள் டூல்ரூமில் ஊசி சிரிஞ்சில் வரும் டயமண்ட் பேஸ்ட்டுக்கு மாதாமாதம் நானே பில் போடுகிறேன், அதுதான் இது என்று ஆறு மாதம் தெரியவில்லை. டையை மெருகேற்றும் அதே பசைதான், மைக்ரான் மட்டும் குறைய வேண்டும். காந்திபுரத்துப் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில் போய் 0.5 மைக்ரான் கேட்டேன்.

"எந்த டைக்குங்க மேடம்?"

"எங்கப்பா கன்னத்துக்குங்க."

15, 6, 3, 1 எல்லாம் கையிருப்பில் இருந்தது. 0.5 சொல்லி வைத்து இரண்டு நாளில் வந்தது. ஐந்து கிராம், 320 ரூபாய். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியில் மஞ்சளாக வருகிற மைக்ரான் இன்னொன்றில் பச்சையாக வரும், சிரிஞ்சில் அச்சடித்த எண்தான் கணக்கு. அந்த ஐந்து கிராம் எங்கள் மூன்று கத்திக்குப் பத்து வருடம் வரும். கடுகளவு பசையை ஐந்தாறு இடத்தில் பொட்டு வைத்து விரலால் பரப்பினால் போதும். ஆனால் தொங்கும் வாரில் தடவிவிடாதீர்கள், ஒரு தடவை ஏறிய வைரத் துகள் தோலை விட்டு இறங்காது. தினப்படி வாரும் பசைப் பலகையும் வேறு வேறாக இருக்க வேண்டும். பசைக்கு பால்சா மரத்துண்டு ஒன்று, மாடல் விமானம் செய்கிற சாமான் விற்கும் கடையில் 90 ரூபாய்.

பச்சைப் பசை என்று சொல்கிறார்களே, குரோமியம் ஆக்ஸைடு, அதையும் பார்த்தோம். சுத்தமான பொடி அரை மைக்ரானில் வரும், நல்ல சரக்கு. ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் அது அல்ல. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் ஒறம்பறை ஒருவர், எவர்சில்வருக்கு பஃப் அடிக்கிற பச்சை சோப்புக் கட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். பிக் கிளாஸில் பார்த்தால் வாய் பளபளவென்று இருக்கிறது, நடுநடுவே ஆழமாகக் கீறல். கட்டியில் வேறு பெரிய துகளும் கலந்திருக்கும், பாத்திரத்துக்கு அது தெரியாது. "இது குடத்துக்குப் பாலிசு, கொரவளைக்கு ஆவாது" என்று அப்பா ஒதுக்கிவிட்டார். அம்மா அதை எடுத்துக் குத்துவிளக்கில் போட்டுப் பார்க்கிறார்.

பசை கட்டாயமா என்றால், இல்லை. கல்லும் ஃபிலிமும் ஒழுங்காக முடிந்த கத்திக்கு வாரே போதும். இரண்டு, மூன்று மாதம் கழித்து கத்தி முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும்போது, மறுபடி கல்லுக்குப் போகாமல் பசைப் பலகையில் பத்து இழுப்பு இழுத்தால் திரும்ப உயிர் வரும். அதற்கு மட்டும்தான். வாய் மழுங்கிக் கிடக்கும் கத்தியைப் பசையிலேயே கூராக்கிவிடலாம் என்று நினைத்து முதலில் பசை வாங்குகிறவர்கள் பணத்தைக் கரைக்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் தேடினேன்.

மொத்தக் கணக்கு: கல் 3,100, ஃபிலிம் 450, கிழித்ததற்கு மறுபடி 225, எமரி நான்கு தாள் 100, கண்ணாடி 60, வார் 510, பசையும் பலகையும் 410. கூட்டினால் 4,855. இதில் கல்லை விட்டுவிட்டால் 1,755. முதலில் ஏமாந்த 1,499ஐ நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் படிப்புச் செலவு.

சிவப்பு நூல் கத்தி ஒரு சனிக்கிழமை பொழுதோட தயாரானது. கல்லில் வாய் முன்னால் போக இழுப்பார், வாரில் முதுகு முன்னால் போக. திருப்பும்போது முதுகின்மேல்தான் உருள வேண்டும், வாய்மேல் உருண்டால் வாருக்கும் வெட்டு, கத்திக்கும் கேடு. தம்பி 'எத்தனை இழுப்புங்ப்பா' என்று எண்ணப் பார்த்தான். துணியில் இருபது, தோலில் நாற்பதுக்கு மேல் போனது. அப்பா எண்ணவில்லை. தொடக்கத்தில் 'சளக், சளக்' என்று இருந்த சத்தம் போகப் போக 'சர்ர்' என்று ஒரே சீராக வந்ததும் நிறுத்தினார். அம்மாவின் சீப்பிலிருந்து ஒற்றை முடியை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்துக் கத்தி வாய்மேல் சும்மா தொங்கவிட்டார். மறுநுனி விழுந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. பழைய நிலையில் அதே முடி வளைந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த 1,499 ரூபாய் செட்டில் தீட்டினபோது 'டிக்' என்று அறுந்தது, அதுவும் இழுத்துப் பிடித்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நூல் கத்தியில் பிக் கிளாஸ் மாமாவுக்குச் சவரம். திண்ணையில் உட்கார்ந்தவர் பாதிக் கன்னத்தில் தூங்கிப் போனார். முடிந்ததும் எழுந்து, தாடையைத் தடவிக்கொண்டு, லென்ஸை எடுத்துக் கத்தி வாயைப் பார்த்தார். "இழையே தெரியலீங்களே" என்றார், துணி பார்த்த பழக்கத்தில்.

சோபா கவர் வார் இப்போது ஆட்டுக்குட்டியைக் கட்டுவதற்கு இருக்கிறது, நன்றாகவே தாங்குகிறது. பச்சை நூல் கத்தி மட்டும் இன்னும் பாக்கி. வாய் சரியாகிவிட்டது, பிடி விரிசல் விட்டிருக்கிறது. போன வாரம் நான் பஸ் ஏறும்போது அப்பா வாசல்வரை வந்தார். "அம்மிணி, கொம்புல பிடி போட்டுத் தர்ற ஆளு யாராச்சும் உங்க கோயமுத்தூர்ல இருக்கறாங்களான்னு கேட்டுப் பாரு. பிளாஸ்டிக் வேண்டாம்."